03/04 எந்த நாள்? தரவுத்தள வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர் ஒருவருக்கு நான்கு ஊர்களிலிருந்து சரக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜொகூர் பாருவிலிருந்து வந்த பில்லில் 03/04/2025 என்று இருக்கிறது. சிகாகோ பில்லில் 04/03/2025. பேங்காக் பில்லில் 03/04/2568. தைப்பே பில்லில் 114/04/03. நான்கும் ஒரே நாள்தான்: 2025 ஏப்ரல் 3, வியாழக்கிழமை.

பேங்காக் பில் புத்த ஆண்டுக் கணக்கு. நம் ஆண்டோடு 543 கூட்டினால் அது வரும். தைப்பே பில்லில் இருப்பது 1912-ஐ முதல் ஆண்டாக வைத்து எண்ணும் மின்குவோ கணக்கு. இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் "இது வேறு ஏதோ" என்று தெரிந்துவிடும், விசாரித்துக்கொள்வோம். வம்பு எப்போதும் முதல் இரண்டில்தான். ஒரே மாதிரி எண்கள், ஒரே மாதிரி சாய்கோடு, ஆனால் நாளும் மாதமும் இடம் மாறிக் கிடக்கும். சிங்கப்பூர் அலுவலகங்கள் பல இந்த வட்டாரம் முழுமைக்கும் கணக்குப் பார்ப்பவை. அதனால் தரவுத்தள வேலையில் சேர்ந்தவருக்கு இந்தக் குழப்பம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும்.

வேலையைத் தொடுவதற்கு முன் ஒரு கணக்கு

நாளும் மாதமும் இடம் மாறினால் எத்தனை தேதிகள் கெடும்? ஒவ்வொரு மாதத்திலும் 1 முதல் 12 வரையுள்ள நாள்களை மட்டும்தான் மாதமாகவும் படிக்க முடியும். பன்னிரண்டு மாதத்துக்கு 144 நாள். அதில் 01/01, 02/02 போன்ற 12 நாள்கள் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். மிச்சம் 132 நாள்கள் சத்தமே போடாமல் தவறாக உள்ளே போகும். 12-க்கு மேற்பட்ட நாள்களில் பெரும்பாலான தரவுத்தளங்கள் "இப்படி ஒரு மாதம் இல்லை" என்று பிழை காட்டி நிறுத்திவிடும்.

பிழை காட்டும் தேதியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நமக்கு நல்லதுதான் செய்கிறது. பயப்பட வேண்டியது பேசாமல் ஏறிய தேதிக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். இடம் மாறிய தேதி அதே ஆண்டுக்குள்தான் விழும். டிசம்பர் 1 ஜனவரி 12 ஆகும், ஆண்டு மாறாது. அதனால் ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டினால் மொத்தம் காசு பிசகாமல் சரியாக இருக்கும், கணக்காளரும் கையெழுத்துப் போட்டுவிடுவார். மாதவாரியாகவோ காலாண்டுவாரியாகவோ பிரித்தால்தான் குட்டு வெளிப்படும். ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கும் நிறுவனம் என்றால் 03/04 ஒன்றே போதும்: ஏப்ரல் 3 புது நிதியாண்டு, மார்ச் 4 போன நிதியாண்டு. பொருள் சேவை வரியைக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்கும் இதே கதிதான்.

படி 1: சர்வர் என்ன நினைக்கிறது என்று கேளுங்கள்

புதுத் தரவுத்தளம் ஒன்றில் கை வைக்கும்போது எல்லாவற்றுக்கும் முன் 09/08/1965 என்ற தேதியை டெக்ஸ்ட்டாகக் கொடுத்து, தேதியாக மாற்றச் சொல்லி, அதிலிருந்து மாதத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் யாருக்கும் இந்த நாளை விளக்கத் தேவையில்லை. பதில் 8 என்று வந்தால் சர்வர் நம் வழக்கப்படி படிக்கிறது (மைஎஸ்க்யூஎல்லுக்கு மட்டும் இது பொருந்தாது, காரணம் கீழே). 9 என்று வந்தால் அமெரிக்க வழக்கம், தேசிய தினம் செப்டம்பர் 8-க்குப் போய்விட்டது. அதே தேதி வேறொரு சிக்கலையும் காட்டிக்கொடுக்கும், பின்னால் வருகிறேன்.

எந்தத் தரவுத்தளம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போஸ்ட்கிரஸில் 'ஷோ டேட்ஸ்டைல்' என்று கேட்டால் இரண்டு சொல்லில் பதில் வரும். பெரும்பாலும் 'ஐஎஸ்ஓ, எம்டிஒய்' (எம்டிஒய் என்றால் மாதம், நாள், ஆண்டு). முதல் சொல் தேதியை வெளியே எப்படிக் காட்டும் என்பது, இரண்டாவது சொல் உள்ளே வருவதை எப்படிப் படிக்கும் என்பது. புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். திரையில் 2025-04-03 என்று ஒழுங்காகத் தெரிவதால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே அது மாதத்தை முதலில் வைத்துத்தான் படித்துக்கொண்டிருக்கும்.

எஸ்க்யூஎல் சர்வரில் விஷயம் இன்னும் நுணுக்கமானது. அங்கே ஒவ்வொரு லாகினுக்கும் ஒரு இயல்பு மொழி உண்டு, தேதியைப் படிக்கும் வரிசை அதைப் பொறுத்தது. அமெரிக்க ஆங்கிலம் என்றால் மாதம் முதலில், பிரிட்டிஷ் ஆங்கிலம் என்றால் நாள் முதலில். பக்கத்து மேசைக்காரர் ஓட்டினால் சரியாக வரும் அதே குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) நீங்கள் ஓட்டினால் தவறாக வரலாம். "என் மெஷினில் சரியாத்தானே வருது" என்ற வாக்குவாதம் பாதி நேரம் இதனால்தான்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று அங்கே இருக்கிறது. 'டேட்டைம்' என்ற பழைய வகை நெடுவரிசையில், பிரிட்டிஷ் ஆங்கில லாகினிலிருந்து 2025-04-03 என்று கொடுத்தால் அதை 2025 மார்ச் 4 என்று படிக்கும்! ஆண்டை முதலில் வைத்து, கோடு போட்டு, உலகமே பாதுகாப்பானது என்று சொல்லும் வடிவம் அது. ஆனாலும் ஆண்டு, நாள், மாதம் என்று எடுத்துக்கொள்கிறது. 'டேட்', 'டேட்டைம்2' ஆகிய புதிய வகைகளில் இந்தத் தொல்லை இல்லை. பழைய வகையோடு வாழ வேண்டியிருந்தால் கோடே போடாமல் 20250403 என்று எட்டு இலக்கமாகக் கொடுங்கள், எந்த மொழியிலும் அது ஏப்ரல் 3 மட்டும்தான்.

மைஎஸ்க்யூஎல் ஆண்டைத்தான் முதலில் எதிர்பார்க்கும். 10/11/12 என்று கொடுத்தால் 2010 நவம்பர் 12 என்று படிக்கும். கண்டிப்பு முறை (தவறான மதிப்பை ஏற்க மறுக்கும் அமைப்பு) அணைக்கப்பட்ட பழைய சர்வர் என்றால், புரியாத தேதியை 0000-00-00 என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். 5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பு முறை இயல்பாகவே இயங்குகிறது. யாராவது "தொந்தரவு பண்ணுது" என்று அணைத்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரக்கிளில் வட்டார அமைப்பு (அந்த ஊர் வழக்கப்படி தேதியை எழுதும் முறை) ஒவ்வொரு செஷனுக்கும், அதாவது ஒவ்வொரு இணைப்புக்கும் தனி, கிளையன்ட் கணினியிலிருந்தும் அது வரலாம். எஸ்க்யூஎல்லைட்டில் தேதி என்ற வகையே கிடையாது, நீங்கள் எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆக்சஸ் வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கு வேலைக்குப் போனால் கூடுதல் கவனம் தேவை. அதன் குவெரிக்குள் எழுதும் தேதியை அமெரிக்க வழக்கத்தில் படிக்கும், 13/04 மாதிரி ஒத்துவராததைப் பிழையும் காட்டாமல் தானே திருப்பிப் போட்டு ஏப்ரல் 13 ஆக்கிக்கொள்ளும். ஒரே பட்டியலில் பாதி சரி, பாதி தவறு. இதைவிட மோசமான உதவி வேண்டுமா?

படி 2: எக்செலைத் திறக்காதீர்கள்

சிஎஸ்வி ஃபைல் (காற்புள்ளியால் பிரித்த வெறும் டெக்ஸ்ட் ஃபைல்) மின்னஞ்சலில் வந்ததும் இரண்டு முறை தட்டித் திறந்து பார்க்கத்தான் கை போகும். வேண்டாம். எக்செல் அந்தக் கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்துத் தேதியை மாற்றிக்கொள்ளும். அமெரிக்க அமைப்பில் உள்ள மடிக்கணினி என்றால் 03/04/2025 மார்ச் 4 ஆகிவிடும், 13/04/2025 புரியாமல் டெக்ஸ்ட்டாகவே நிற்கும். கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியவை மாறிப்போனவை, இடப்பக்கம் ஒட்டியவை தப்பித்தவை. ஒரே நெடுவரிசையில் இப்படி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நிற்கும் தேதிகளைப் பார்த்தால் அந்த ஃபைல் எங்கேயோ அடி வாங்கிவிட்டது என்று அர்த்தம். சேமித்தால் அடி நிரந்தரமாகிவிடும்.

பார்க்கத்தான் வேண்டும் என்றால் நோட்பேட் போதும். எக்செலே வேண்டும் என்றால் 'டேட்டா' மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, தேதி நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். அலுவலகம் கொடுத்த மடிக்கணினியின் விண்டோஸ் அமைப்பில் வட்டாரம் 'இங்கிலிஷ் (சிங்கப்பூர்)' என்று இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். வாங்கிய அன்றே அமெரிக்க அமைப்பில் நிறுவி, அப்படியே விட்டுவிடுவது சர்வசாதாரணம்.

படி 3: இரண்டு கட்டமாக ஏற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். வெளியிலிருந்து வரும் தேதியை நேராகத் தேதி நெடுவரிசைக்குள் விடாதீர்கள். முதலில் ஒரு இடைநிலை அட்டவணை. அதில் தேதி வெறும் டெக்ஸ்ட், வந்தது வந்தபடி. அதன் பக்கத்தில் இன்னும் மூன்று நெடுவரிசை: எந்த ஃபைல், எந்த நாட்டிலிருந்து, எந்த ஏற்றுமுறை எண் (எத்தனையாவது முறை ஏற்றியபோது வந்தது). "இதெல்லாம் எதற்கு, இடம் வீண்" என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். தேதி தவறு என்று ஆறு மாதம் கழித்துத் தெரியவரும்போது, எந்த வரி எங்கிருந்து வந்தது என்று சொல்ல அந்த மூன்றுதான் இருக்கும்.

இரண்டாவது கட்டத்தில் நாட்டைப் பார்த்து வடிவத்தை நீங்களே சொல்லி மாற்றுங்கள். ஊகிக்கும் வேலையைத் தரவுத்தளத்திடம் விட வேண்டாம். போஸ்ட்கிரஸிலும் ஆரக்கிளிலும் 'டு_டேட்', மைஎஸ்க்யூஎல்லில் 'ஸ்டர்_டு_டேட்', இவற்றில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை எழுதிக் கொடுக்கலாம். எஸ்க்யூஎல் சர்வரில் 'கன்வர்ட்' கட்டளையோடு ஒரு எண் கொடுக்க வேண்டும். 103 என்றால் நாள் முதலில், 101 என்றால் மாதம் முதலில். 'ட்ரை_கன்வர்ட்' என்று எழுதினால் மாற்ற முடியாத வரிக்கு வெற்று மதிப்பு கிடைக்கும், ஏற்றம் பாதியில் நிற்காது. அந்த வரிகளைத் தனியாக ஒரு நிராகரிப்பு அட்டவணைக்கு அனுப்புங்கள். அதை யாராவது தினமும் பார்க்க வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பார்க்க ஆளில்லாத நிராகரிப்பு அட்டவணை குப்பைத்தொட்டிக்குச் சமம்.

பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற தரவுக் கருவியை வைத்து ஏற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 'டேஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். அது கட்டாயம் அல்ல, சிபாரிசு மட்டும்தான். 2.0 பதிப்புக்கு முந்தையவை ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ஊகித்து, ஆக்சஸ் செய்யும் அதே வேலையைச் செய்யும். வடிவத்தை முழுதாக எழுதிக் கொடுப்பதுதான் வழி.

தாய்லாந்து, தைவான் ஆண்டுகளுக்கு வருவோம். முன்னதில் 543-ஐக் கழிக்க வேண்டும், பின்னதில் 1911-ஐக் கூட்ட வேண்டும். சுலபம்தான், ஆனால் வரிசை முக்கியம். முதலில் தேதியாக மாற்றிவிட்டு அப்புறம் கழிக்கலாம் என்று நினைத்தால் பிப்ரவரி 29-இல் மாட்டிக்கொள்வீர்கள். 29/02/2567 என்பது 2024-இன் பிப்ரவரி 29, உண்மையான நாள். ஆனால் தரவுத்தளத்தின் கண்ணில் 2567 லீப் ஆண்டு இல்லை, அப்படி ஒரு நாளே கிடையாது என்று தள்ளிவிடும். தைவானின் 113/02/29-க்கும் அதேதான். அதனால் டெக்ஸ்ட்டாக இருக்கும்போதே ஆண்டைப் பிரித்தெடுத்துக் கணக்குப் போட்டு, ஒட்டவைத்து, அதற்குப் பிறகு தேதியாக்குங்கள்.

இறுதி அட்டவணையில் நெடுவரிசை வகை 'டேட்' ஆகத்தான் இருக்க வேண்டும். டெக்ஸ்ட்டாகவே விட்டுவைத்த அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். வரிசைப்படுத்தினால் 01/12/2025-க்கு அடுத்து 02/01/2025 வந்து உட்காரும். அதைச் சரிசெய்ய அறிக்கைக்கு அறிக்கை ஒரு ஒட்டுப்போட்ட குவெரி வேறு.

படி 4: நேரமும் கூட வந்தால்

கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். சிங்கப்பூர் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால். எனவே இங்கே காலை 8 மணிக்கு முன் நடந்த எதுவும் யுடிசியில் முந்தைய நாள்தான். காலை ஏழு மணிக்கு விற்ற பரோட்டா நேற்றைய வசூலில் சேர்ந்துவிடும். நாள்வாரியாகக் கூட்டும் ஒவ்வொரு குவெரியிலும் முதலில் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றி, அதன் பிறகு தேதியைப் பிரியுங்கள். மாற்றும்போது '+8' என்று எண்ணாகப் போடாமல் 'ஏஷியா/சிங்கப்பூர்' என்ற நேரமண்டலப் பெயரைப் போடுங்கள்.

எண்ணுக்கும் பெயருக்கும் என்ன வித்தியாசம்? இங்கேதான் 1965 திரும்ப வருகிறது. சிங்கப்பூர் எல்லாக் காலத்திலும் +8-இல் இருக்கவில்லை. 1981 டிசம்பர் 31 வரை +7:30. அன்று இரவு 11:30-க்குக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி 1982-க்குள் நுழைந்தார்கள். மலேசியத் தீபகற்பம் தன் நேரத்தைச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்கியபோது சிங்கப்பூரும் சேர்ந்து மாறியது. ஆகவே 1981 டிசம்பர் 31, இரவு 11:45 என்று ஒரு நேரம் இந்த ஊரில் இருந்ததே இல்லை. இன்னும் பின்னால் போனால் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் டோக்கியோ நேரம், +9.

இது வெறும் சரித்திரத் துணுக்கு அல்ல. ஒரு மென்பொருள் பிறந்த தேதியை நள்ளிரவு நேரமாக எடுத்துக்கொண்டு, +8 என்று கணக்கிட்டு, யுடிசியில் சேமிக்கிறது. 1965 ஆகஸ்டு 9 நள்ளிரவு, ஆகஸ்டு 8 மாலை 4 மணியாகப் பதிவாகிறது. இன்னொரு மென்பொருள் நேரமண்டலப் பெயரை வைத்து அதைத் திரும்ப மாற்றுகிறது. அதற்கு 1965-இல் சிங்கப்பூர் +7:30 என்று தெரியும். வரும் பதில் ஆகஸ்டு 8 இரவு 11:30. தேதியை மட்டும் காட்டும் திரையில் பிறந்தநாள் ஒரு நாள் முந்திவிட்டது. 1982 முதல் பிறந்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருக்கும், அதற்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டும் தவறும். சோதித்துப் பார்க்கும் இளைஞர்கள் தங்கள் சொந்தப் பிறந்தநாளை வைத்தே சோதிப்பதால் இது யார் கண்ணிலும் படாமல் போகும்.

மருந்து எளிது. பிறந்த தேதி, பொது விடுமுறை, ஒப்பந்தம் முடியும் நாள் போன்றவற்றில் நேரம் என்ற ஒன்றே கிடையாது, அவற்றை 'டேட்' வகையில் மட்டும் வையுங்கள். பணம் கட்டிய நொடி, லாகின் செய்த நொடி போன்றவற்றை யுடிசியில் வையுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

படி 5: ஏற்றியதைச் சோதியுங்கள்

பிழை ஏதும் வராமல் ஏறிவிட்டது என்பதால் சரியாக ஏறியது என்று ஆகாது. மூன்று குவெரி போதும்.

எதிர்காலத் தேதிகளை எண்ணுங்கள். ஏப்ரல் மாதம் வந்த விற்பனை ஃபைலில் நவம்பர் 4 எப்படி வரும்? 11/04-ஐத் திருப்பிப் படித்தால் வரும்.

ஒவ்வொரு மாதத்திலும் எந்தெந்த நாள்களில் எத்தனை வரிகள் என்று எண்ணுங்கள். 12-ஆம் தேதி வரை நிறைய இருந்து, 13-லிருந்து திடீரென்று காலியாகிவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவது, தெரிந்த நாளை வைத்துப் பார்ப்பது. சீனப் புத்தாண்டுக்கு மூடியிருந்த கடையில் அன்று விற்பனை இருக்கிறதா? 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. தேக்காவில் துணியோ பலகாரமோ விற்பவர் என்றால் அதற்கு முந்தைய வாரங்களில் வசூல் மலைபோல் ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் தட்டையாக இருந்து, அந்த வசூல் மற்ற மாதங்களின் 10-ஆம் தேதியில் சிதறிக் கிடந்தால் காரணம் உங்களுக்கே தெரியும். இதற்குத் தரவுத்தள அறிவைவிடக் கடையைத் தெரிந்தவரின் கண் உதவும். அறிக்கையை ஒருமுறை அவரிடம் காட்டிவிடுங்கள்.

படி 6: வெளியே அனுப்பும்போது

மனிதர் பார்க்கும் திரையில் மாதத்தை எழுத்தில் காட்டுங்கள்: 3 ஏப்ரல் 2025. யாரும் குழம்ப மாட்டார்கள். இன்னொரு கணினிக்கு அனுப்பும்போது 2025-04-03, அதாவது 1988-இல் முதலில் வெளியான ஐஎஸ்ஓ 8601 தரத்தின் வடிவம். எஸ்க்யூஎல் சர்வரின் பழைய வகைக்கு மட்டும், மேலே சொன்னபடி, கோடில்லாத எட்டு இலக்கம்.

வெளியூர் நிறுவனத்திடமும் இதையே கேட்டுவிடலாம். சுற்றி வளைக்க வேண்டாம்: "அடுத்த மாதத்திலிருந்து தேதியை 2025-04-03 என்ற வடிவத்தில் அனுப்ப முடியுமா? முடியாவிட்டால் இப்போது அனுப்பும் வடிவத்தில் நாள் முதலா, மாதம் முதலா என்று எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். மாதிரிக்கு 12-க்கு மேற்பட்ட தேதியுள்ள இரண்டு வரி அனுப்புங்கள்." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். 03/04 உள்ள மாதிரி எதையும் நிரூபிக்காது, 25/04 உள்ளது நிரூபிக்கும்.

ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால்

மூல ஃபைல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அந்த ஏற்றுமுறை எண்ணுக்கு உரிய வரிகளை அழித்துவிட்டு, வடிவத்தைச் சொல்லி மறுபடி ஏற்றுவதே சுத்தமான வழி.

மூல ஃபைல் இல்லையென்றால் திருப்பிப் போட வேண்டியதுதான். நகல் எடுத்துக்கொண்டு, அந்த ஏற்றத்தில் வந்த வரிகளில் நாள் 12 அல்லது அதற்குள் உள்ளவற்றை மட்டும் நாளும் மாதமும் மாற்றுங்கள். எக்செல், ஆக்சஸ், பழைய பாண்டாஸ் வழியாக வந்திருந்தால் 12-க்கு மேற்பட்டவை ஏற்கெனவே சரியாக இருக்கும், அவற்றைத் தொடக்கூடாது. வேறு வழியில் வந்திருந்தால் அவை நிராகரிக்கப்பட்டு எங்கோ விடுபட்டிருக்கும், அவற்றைத் தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும். மாற்றும் அதே கட்டளையிலேயே 'திருத்தப்பட்டது' என்று ஒரு நெடுவரிசையில் குறியும் இடுங்கள், குறியுள்ள வரியைக் கட்டளை தொடாதபடி எழுதுங்கள். குறி இல்லாமல் அதே கட்டளையை வேறொருவர் மறுநாள் ஓட்டினால் எல்லாத் தேதிகளும் பழையபடி தவறாகிவிடும், அப்போதும் எந்தப் பிழையும் காட்டாது.